40-ஆம் எண்ணின் ஃபவுல், 32-ஆம் எண்ணின் கணக்கில்: அட்லாண்டா 2007, ஒரு நிகழ்வு ஆய்வு

2007 டிசம்பர் 19. அட்லாண்டா நகரின் பிலிப்ஸ் அரீனாவில் அட்லாண்டா ஹாக்ஸ், மயாமி ஹீட் அணிகளுக்கு இடையே என்பிஏ (அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்) ஆட்டம். நான்கு குவார்ட்டர் முடிந்தும் சமநிலை, கூடுதல் நேரம் ஓடிக்கொண்டிருக்கிறது. கடிகாரத்தில் 51.9 வினாடி பாக்கி. ஹாக்ஸ் 114, ஹீட் 111. மயாமியின் சென்டர் ஆட்டக்காரர் ஷகீல் ஓ'நீல் மேல் ஒரு ஃபவுல் விசில் விழுகிறது. அது அவருடைய ஆறாவது ஃபவுல் என்று டேபிளில் இருந்து, அதாவது ஸ்கோரும் ஃபவுலும் பதிவுசெய்பவர்கள் உட்காரும் மேசையில் இருந்து, தகவல் வருகிறது. என்பிஏவில் ஆறு ஃபவுல் ஆனால் ஆட்டக்காரர் வெளியேற வேண்டும். ஓ'நீல் பெஞ்சுக்குப் போனார். மிச்சமிருந்த வினாடிகளில் ஹாக்ஸ் மூன்று புள்ளி சேர்த்தது, ஹீட் ஒன்றும் சேர்க்கவில்லை. 117-111 என்று ஆட்டம் முடிந்தது.

உண்மையில் அது ஆறாவது ஃபவுல் இல்லை. ஐந்தாவது.

நான்காம் குவார்ட்டரில் 3 நிமிடம் 24 வினாடி மிச்சமிருந்தபோது நடுவர் ஒரு ஃபவுல் கொடுத்திருந்தார். அது மயாமியின் யுடோனிஸ் ஹாஸ்லம் மேல் கொடுக்கப்பட்டது. டேபிளில் அது ஓ'நீல் பேரில் ஏறிவிட்டது. அந்த ஒரு பதிவுதான் மூன்று வாரம் கழித்து லீக் கமிஷனரின் மேசை வரை போய், மூன்று மாதம் கழித்து இரண்டு அணிகளையும் அதே 51.9 வினாடிக்குத் திரும்ப அழைத்து வந்தது.

டேபிளில் உட்காருபவன் என்ற முறையில் இந்த நிகழ்வை நான் பலமுறை மனதுக்குள் ஓட்டிப் பார்த்திருக்கிறேன். இதைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் அந்த மறு ஆட்டத்தின் விநோதத்தைத்தான் பேசுகிறார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது, 3:24-க்கும் 51.9-க்கும் நடுவே அந்தத் தவறு யார் கண்ணிலும் படாமல் இருந்த நேரம். கணக்குப் போட்டால், நான்காம் குவார்ட்டரில் 3 நிமிடம் 24 வினாடி, கூடுதல் நேரத்தில் 4 நிமிடம் 8.1 வினாடி. மொத்தம் 7 நிமிடம் 32.1 வினாடி, அதுவும் ஆட்டக் கடிகாரப்படி மட்டும். டைம் அவுட், ஃப்ரீ த்ரோ, குவார்ட்டர் முடிந்து கூடுதல் நேரம் தொடங்கும் முன் வரும் இடைவெளி இதெல்லாம் சேர்ந்தால் இன்னும் கூடும். திருத்துவதற்கு வேண்டிய நேரம் இருந்தது.

தவறு எந்த வகை?

ஃபவுல் பதிவில் தவறுகள் பல வகை. நடுவர் காட்டிய ஃபவுலை எழுதாமலே விடுவது ஒன்று. எதிரணி ஆட்டக்காரர் பேரில் எழுதிவிடுவது இன்னொன்று. இவை இரண்டும் சீக்கிரம் மாட்டிக்கொள்ளும். ஏனென்றால் அணி ஃபவுல் எண்ணிக்கை உடனே இடிக்கும். ஸ்கோர் பலகையில் மூன்று என்று இருக்கும், ஸ்கோர் ஷீட்டில் இரண்டு என்று இருக்கும், பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் கேட்பார்.

அட்லாண்டாவில் நடந்தது மூன்றாவது வகை. ஒரே அணியின் ஒருவர் ஃபவுலை அதே அணியின் இன்னொருவர் பேரில் எழுதியது. இதில்தான் ஆபத்து அதிகம். ஸ்கோர் மாறவில்லை. மயாமியின் அணி ஃபவுல் எண்ணிக்கை மாறவில்லை. ஃப்ரீ த்ரோ உண்டா இல்லையா என்பதும் மாறவில்லை. டேபிளில் வழக்கமாகச் சரிபார்க்கும் எல்லாம் அப்படியே பொருந்தி வரும். இரண்டு தனிநபர் வரிகளில் மட்டும், ஒன்றில் ஒன்று கூட, இன்னொன்றில் ஒன்று குறைய இருக்கும். அந்த இரண்டு வரிகளையும் வேறொரு பதிவோடு ஒப்பிட்டால் ஒழிய அது வெளியே வராது.

இன்னொன்றும் உண்டு. இந்த ஒரு தவறில் இரண்டு பேர் கணக்கு கெடுகிறது. ஓ'நீல் தன் எல்லைக்கு ஒரு படி அருகே தள்ளப்பட்டார். ஹாஸ்லம் ஒரு படி தள்ளி வைக்கப்பட்டார். ஓ'நீலின் வெளியேற்றம் எல்லோருக்கும் தெரிந்த கதை. ஆனால் ஒரு ஃபவுல் குறைத்து எழுதப்பட்ட ஆட்டக்காரர் எல்லை தாண்டியும் ஆடிக்கொண்டே இருந்திருக்கலாம் என்ற சாத்தியத்தையும் டேபிள் ஆட்கள் மனதில் வைக்க வேண்டும். அந்தத் தவறை அவரோ அவர் பயிற்சியாளரோ வந்து சொல்லப் போவதில்லை.

32, 40 என்ற இரண்டு எண்கள்

அந்த அணியில் ஓ'நீலின் எண் 32. ஹாஸ்லமின் எண் 40. இந்த இரண்டையும் கையால் காட்டிப் பாருங்கள். 32-க்கு முதலில் மூன்று விரல், அப்புறம் இரண்டு. 40-க்கு நான்கு விரல், அப்புறம் மூடிய கை. ஒன்றைப் பார்த்து மற்றொன்று என்று எடுத்துக்கொள்ள இடமில்லாத சைகைகள். 23-உம் 32-உம் குழம்பலாம், 14-உம் 15-உம் குழம்பலாம். 40-ஐப் பார்த்து 32 என்று படிப்பது கடினம்.

அதனால் இப்படிப்பட்ட பதிவுகளைப் பார்க்கும்போது சைகையைத் தப்பாகப் படித்தார்களா என்பதோடு, சைகையைப் பார்த்தார்களா என்றும் நான் கேட்பேன். அன்று அந்த டேபிளில் கண்கள் எங்கே இருந்தன என்று என்னால் சொல்ல முடியாது. ஆனால் என் அனுபவத்தில் இந்த வகைத் தவறு பெரும்பாலும் ஒரே வழியில்தான் வருகிறது. விசில் அடித்தவுடன் நாமும் ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். கூடைக்குக் கீழே நாலு பேர் மோதுகிறார்கள். பெரிய உடம்புக்காரர் ஒருவர் நடுவில் நிற்கிறார். 'இது அவர்தான்' என்று மனது முடிவு கட்டிவிடுகிறது, பேனா இறங்கிவிடுகிறது. நடுவர் வந்து எண் காட்டும்போது நாம் குனிந்து எழுதிக்கொண்டிருப்போம்.

ஸ்கோரர் பார்த்தது சாட்சியம் ஆகாது. ஃபவுல் யாருடையது என்று சொல்லும் அதிகாரம் நடுவர் ஒருவருக்கே. ஸ்கோரர் தன் கண்ணால் தெளிவாகவே பார்த்திருந்தாலும், நடுவர் காட்டும் எண் வரும்வரை பேனா தாளைத் தொடக்கூடாது. இதைச் சொல்லிக்கொடுக்க ஒரு நிமிடம் போதும், பழக்கத்தில் வர இரண்டு சீசன் ஆகும்.

நடுவரின் பங்கு எங்கே முடிகிறது

ஃபவுல் கொடுத்த நடுவர் என்ன செய்ய வேண்டும் என்பது ஃபிபா (சர்வதேசக் கூடைப்பந்து சம்மேளனம்) முறையிலும் என்பிஏ முறையிலும் அடிப்படையில் ஒன்றுதான். விசில், கடிகாரத்தை நிறுத்தச் சொல்லி உயர்த்திய கை, அப்புறம் டேபிளுக்கு நடுவே யாரும் மறைக்காத இடத்துக்கு வந்து நின்று அறிவிப்பது. அறிவிப்பில் மூன்று செய்தி: ஆட்டக்காரரின் எண், ஃபவுலின் வகை, அடுத்து என்ன (ஃப்ரீ த்ரோ எத்தனை, அல்லது பந்து எந்தப் பக்கம்). இந்த வரிசை மாறக்கூடாது.

ஃபிபாவில் எண் காட்டும் முறையே இந்தக் குழப்பத்தைக் குறைக்கத்தான் இப்படி அமைந்திருக்கிறது. ஒரு காலத்தில் ஃபிபா ஆட்டங்களில் 4 முதல் 15 வரைதான் எண்கள். ஒரு கையை மூடி, இன்னொரு கையில் விரல் காட்டினால் 11 முதல் 15 வரை வந்துவிடும். இப்போது 0, 00, 1 முதல் 99 வரை எதுவும் வரலாம் என்று ஆகிவிட்டது. 16-இலிருந்து மேலே போனால், முதலில் புறங்கை தெரியும்படி பத்தின் இலக்கம், அப்புறம் உள்ளங்கை தெரியும்படி ஒன்றின் இலக்கம். 24 என்றால் புறங்கையில் இரண்டு, உள்ளங்கையில் நான்கு. புறங்கை, உள்ளங்கை வித்தியாசம் இல்லாவிட்டால் டேபிளில் இருப்பவருக்கு 24-ஆ, 42-ஆ, இல்லை வெறும் 6-ஆ என்று சந்தேகம் வரும். இந்த ஒரு நுணுக்கத்தைச் சரியாகச் செய்யாத நடுவர்களைப் பள்ளி, கல்லூரி ஆட்டங்களில் நிறையப் பார்க்கிறேன். நடந்துகொண்டே காட்டுவார்கள். இடுப்பு உயரத்தில் காட்டுவார்கள். காட்டிவிட்டு உடனே திரும்பிவிடுவார்கள்.

எண்ணைக் காட்டியவுடன் நடுவரின் வேலை முடிந்துவிட்டதாக நான் நினைக்கவில்லை. டேபிளில் இருப்பவர் அதை வாங்கிக்கொண்டார் என்று தெரிந்த பிறகுதான் முடிகிறது. ஸ்கோரர் தலை நிமிர்ந்து பார்க்கிறாரா? கட்டைவிரலை உயர்த்திச் சரி என்கிறாரா? இல்லையென்றால் மறுபடி காட்ட வேண்டும். ஒரு வினாடிதான் ஆகும். அந்த ஒரு வினாடியை அவசரத்தில் விட்டுவிட்டு, மறுமுனையில் பந்தைக் கையில் கொடுத்து ஆட்டத்தைத் தொடங்குகிற நடுவருக்கு, டேபிளில் நடக்கும் தவறில் பங்கு உண்டு. அட்லாண்டா விவகாரத்தில் லீக், நடுவர்கள் மேல் குறை சொல்லவில்லை. பழி முழுக்க டேபிள் மேல்தான் விழுந்தது. அந்தத் தீர்ப்பு சரியானதே. ஆனால் இதைப் படிக்கும் நடுவர்கள் 'நமக்கு இதில் ஒன்றுமில்லை' என்று நகர்ந்துவிடக்கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

திருத்த முடிந்த இடங்கள்

சரி, பதிவு தவறிவிட்டது. அதன் பிறகு அதைப் பிடித்திருக்கக்கூடிய இடங்கள் எவை?

முதல் இடம், எழுதிய அந்தக் கணம். ஃபிபா முறையில் ஒவ்வொரு தனிநபர் ஃபவுலுக்கும் அந்த ஆட்டக்காரருக்கு எத்தனையாவது என்று எண் பலகை உயர்த்திக் காட்ட வேண்டும். 1 முதல் 4 வரை கறுப்பு எழுத்து, 5 மட்டும் சிவப்பு; ஃபிபாவில் ஐந்தாவது ஃபவுலிலேயே ஆட்டக்காரர் வெளியேற வேண்டும். இரண்டு பயிற்சியாளர்களும் பார்க்கும்படி உயர்த்த வேண்டும் என்பது விதி. இதை வெறும் சடங்காக நினைப்பவர்கள் உண்டு. எனக்கு இது டேபிளின் மிகச் சிறந்த பாதுகாப்பு. 'எட்டாம் நம்பருக்கு மூன்று' என்று காட்டும்போது மைதானத்தில் இருக்கும் எட்டாம் நம்பர் பார்க்கிறார், அவர் பெஞ்ச் பார்க்கிறது, எதிர் பெஞ்ச் பார்க்கிறது. தவறாக இருந்தால் அப்போதே யாராவது குரல் கொடுப்பார்கள்.

இரண்டாவது இடம், அடுத்த டைம் அவுட். ஸ்கோர் புத்தகத்தில் எழுதுகிறவரும் ஸ்கோர் பலகையை இயக்குகிறவரும் இரண்டு அணிகளின் தனிநபர் ஃபவுல்களையும் வரிவரியாக வாய்விட்டுப் படித்து ஒப்பிட வேண்டும். 'நான்கு: ஒன்று. ஐந்து: இல்லை. ஏழு: மூன்று.' அவ்வளவுதான். டைம் அவுட் முடிய இருபது வினாடி இருக்கும்போது இது முடிந்திருக்கும்.

மூன்றாவது இடம்தான் அட்லாண்டாவில் எனக்கு மிகவும் உறுத்துவது. நான்காம் குவார்ட்டர் சமநிலையில் முடிந்து கூடுதல் நேரம் தொடங்கும் முன் கிடைக்கும் இடைவெளி. ஸ்கோர் ஷீட்டைக் கையில் எடுத்து, கணினிப் பதிவைப் பக்கத்தில் வைத்து, ஆறுக்கு அருகில் இருக்கும் ஒவ்வொரு பெயரையும் தனியாகப் பார்ப்பதற்கென்றே அமைந்த நேரம் அது. கூடுதல் நேரத்தில் யார் ஐந்தில் இருக்கிறார், யார் நான்கில் இருக்கிறார் என்பதுதான் ஆட்டத்தையே நிர்ணயிக்கும். ஐந்து ஃபவுல் இருப்பதாக நம்பப்படும் பெரிய ஆட்டக்காரர் கூடைக்கடியில் கையை உயர்த்தவே யோசிப்பார். எதிரணி அதைத் தெரிந்துகொண்டு அவர் மேலேயே ஓட்டும். அதனால் தவறான எண் 51.9 வினாடியில்தான் வேலை செய்யத் தொடங்கியது என்று சொல்ல முடியாது. பலகையில் ஏறிய கணத்திலிருந்தே அது ஆடுபவர்களின் முடிவுகளை மாற்றும் சக்தி உள்ளது.

நான்காவது இடம், ஃபவுல் அவுட் அறிவிக்கும் கணம். ஒருவரை வெளியே அனுப்புவதற்கு முன் ஒரே ஒரு பதிவை நம்பக்கூடாது. புத்தகம் ஆறு என்கிறது, பலகை என்ன என்கிறது? இரண்டும் ஒன்றாக இல்லையென்றால் நடுவரைக் கூப்பிட வேண்டும். கடிகாரம் ஏற்கெனவே நின்றிருக்கிறது. ஆட்டம் எங்கும் ஓடிவிடாது.

லீக் விசாரணையில் வெளிவந்த இரண்டு விஷயங்களில், முதலாவது விதிப்படியான பதிவு முறைகளை ஹாக்ஸின் டேபிள் ஆட்கள் பின்பற்றவில்லை என்பது. இரண்டாவது இன்னும் கனமானது. தங்களிடம் ஏதோ சிக்கல் இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியவந்த பிறகும், அதைச் சரியாகக் கையாளவில்லை என்பது.

அந்த இரண்டாவது வரியை நான் விட்டு நகர முடியாமல் பலமுறை நின்றிருக்கிறேன். ஏனென்றால் அதில் என்னைப் பார்க்கிறேன்.

பல வருடம் முன்பு ஒரு பள்ளிகளுக்கு இடையிலான ஆட்டம். மாணவிகள் பிரிவு. நான் ஸ்கோர் ஷீட்டில் இருந்தேன். மூன்றாம் குவார்ட்டரில் எட்டாம் எண்ணுக்கு வந்த ஃபவுலை ஒன்பதாம் எண் வரியில் எழுதிவிட்டேன். நான்கு என்று பலகையைத் தூக்கியதும் அந்த ஒன்பதாம் எண் பெண் திரும்பிப் பார்த்து, "சார், எனக்கு மூணுதான்" என்றாள். நான் ஷீட்டைப் பார்த்தேன். நான்கு என்று இருந்தது. 'ஷீட்டில் இருக்கிறது, அவ்வளவுதான்' என்று உள்ளுக்குள் ஒரு குரல். ஆனால் எழுதும்போது நடுவர் கையை நான் முழுசாகப் பார்க்கவில்லை என்பதும் எனக்குத் தெரியும். நடுவரைக் கூப்பிட்டால் எல்லோர் முன்னாலும் என் தவறு தெரியும். பயிற்சியாளர்கள் கத்துவார்கள். ஏறக்குறைய இரண்டு நிமிட ஆட்டம் அப்படியே போனது. அப்புறம்தான் பந்து வெளியே போனபோது ஹார்ன் அடித்து நடுவரைக் கூப்பிட்டேன். அவர் கேட்டுவிட்டு, எட்டுதான் என்று சொல்லித் திருத்தச் சொன்னார். முப்பது வினாடியில் முடிந்துவிட்டது. யாரும் கத்தவில்லை. அந்தப் பெண் மட்டும் ஒருமுறை என்னைப் பார்த்துத் தலையாட்டினாள். அந்த இரண்டு நிமிடத்தில் அவளைப் பயிற்சியாளர் வெளியே எடுத்திருந்தால், அல்லது அவள் ஒரு ஃபவுலுக்குப் பயந்து ஒதுங்கி நின்றிருந்தால், அதை நான் எப்படித் திருப்பிக் கொடுத்திருக்க முடியும்?

சிக்கல் இருக்கிறது என்று தெரிந்தும் வாய் திறக்காத டேபிள் எப்படிப்பட்ட டேபிள் என்று எனக்கு உள்ளிருந்து தெரியும். சோம்பலும் கெட்ட எண்ணமும் அங்கே இருக்க வேண்டியதில்லை. வெட்கம் போதும்.

முறையீடும் தீர்ப்பும்

மயாமி முறையீடு செய்தது. என்பிஏ கமிஷனர் டேவிட் ஸ்டெர்ன் 2008 ஜனவரி 11 அன்று தீர்ப்பு சொன்னார். முறையீடு ஏற்கப்பட்டது. டேபிள் ஆட்களின் கடும் கவனக்குறைவுக்காக ஹாக்ஸ் அணிக்கு 50,000 டாலர் அபராதம். ஓ'நீலின் ஃபவுலுக்கு அடுத்த கணத்திலிருந்து, அதாவது 51.9 வினாடி பாக்கி என்ற நிலையிலிருந்து, ஆட்டம் மீண்டும் ஆடப்பட வேண்டும். இரண்டு அணிகளும் அடுத்ததாக அட்லாண்டாவில் சந்திக்கும் மார்ச் 8 அன்று, அந்த ஆட்டத்துக்கு முன்பாக இது நடக்கும்.

என்பிஏ ஒரு முறையீட்டை ஏற்று ஆட்டத்தை மீண்டும் ஆட வைப்பது எவ்வளவு அரிது என்றால், அதற்கு முந்தையது 1982 நவம்பர் 30 அன்று லாஸ் ஏஞ்சலஸ் லேக்கர்ஸும் சான் அன்டோனியோ ஸ்பர்ஸும் ஆடிய ஆட்டம். அது ஒரு ஃப்ரீ த்ரோ நேரத்து விதியை நடுவர்கள் தவறாகப் பயன்படுத்திய விவகாரம். 1983 ஏப்ரலில் மீண்டும் ஆடினார்கள். நடுவே இருபத்தைந்து ஆண்டுகள்.

எதற்காக இந்த முறையீடு ஏற்கப்பட்டது, மற்றவை ஏன் பெரும்பாலும் தள்ளப்படுகின்றன? மோதல் ஃபவுலா இல்லையா என்பது நடுவரின் முடிவு. அது தவறாகவே இருந்தாலும் ஆட்டம் முடிந்தால் முடிந்ததுதான், அதற்காக ஆட்டத்தை மறுபடி ஆட முடியாது. ஆனால் ஒருவருக்கு ஐந்து ஃபவுலா, ஆறா என்பதில் யாருடைய அபிப்பிராயமும் இல்லை. ஒளிப்பதிவை ஓட்டி எண்ணினால் விடை ஒன்றுதான். 3:24-க்கு நடுவர் ஹாஸ்லமைக் காட்டியது உறுதியான பிறகு, மிச்சம் வெறும் கூட்டல். இந்த எல்லைக்கோட்டை ஸ்டெர்ன் சரியான இடத்தில் போட்டார் என்பது என் எண்ணம்.

இதே விஷயம் ஃபிபா விதிப்படி நடந்திருந்தால்? அங்கே ஸ்கோர், ஃபவுல் எண்ணிக்கை, டைம் அவுட் எண்ணிக்கை ஆகியவற்றில் உள்ள பதிவுத் தவறுகளை முதன்மை நடுவர் ஸ்கோர் ஷீட்டில் கையெழுத்துப் போடும்வரை எப்போது வேண்டுமானாலும் திருத்தலாம். அந்தக் கையெழுத்தோடு ஆட்டத்துக்கும் நடுவர்களுக்குமான தொடர்பு முடிந்துவிடும். திருத்தப்படாத பதிவுத் தவறு முறையீட்டுக்கு ஒரு காரணம் என்று ஃபிபாவும் ஏற்கிறது. மறு ஆட்டத்துக்கு உத்தரவிடவும் இடம் உண்டு. ஆனால் ஆட்டத்தின் முடிவையே மாற்ற வேண்டுமென்றால், அந்தத் தவறு இல்லாதிருந்தால் வேறு முடிவு நிச்சயம் வந்திருக்கும் என்பதற்குத் தெளிவான ஆதாரம் வேண்டும். மூன்று புள்ளி பின்தங்கிய அணிக்கு ஓ'நீல் இருந்திருந்தால் நிச்சயம் வெற்றி என்று யாராலும் காட்ட முடியாது. அதனால் ஃபிபா முறையிலும் அதிகபட்சம் மறு ஆட்டம்தான் கிடைத்திருக்கும்.

மார்ச் 8

அந்த நாளுக்குள் இரண்டு அணிகளும் மாறிவிட்டிருந்தன. பிப்ரவரியில் மயாமி ஓ'நீலை ஃபீனிக்ஸ் சன்ஸுக்குக் கொடுத்துவிட்டு ஷான் மேரியனையும் மார்கஸ் பேங்க்ஸையும் வாங்கியிருந்தது. அட்லாண்டா மைக் பிபியை வாங்கியிருந்தது. யாரை அநியாயமாக வெளியே அனுப்பினார்கள் என்பதற்காக மறு ஆட்டமோ, அவர் அந்த அணியிலேயே இல்லை. ஐந்து ஃபவுலோடு மைதானத்தில் நிற்க அவருக்குத் திருப்பிக் கொடுக்கப்பட்ட உரிமையைப் பயன்படுத்த ஆள் வேறு நகரத்தில்.

114-111 என்று பலகையில் போட்டு, கடிகாரத்தில் 51.9 வைத்து ஆட்டம் தொடங்கியது. இரண்டு பக்கமும் ஒரு புள்ளிகூட விழவில்லை. 114-111 என்றே முடிந்தது. டிசம்பரில் அந்தக் கடைசி வினாடிகளில் மயாமி ஒன்றும் சேர்க்கவில்லை, மார்ச்சிலும் ஒன்றும் சேர்க்கவில்லை. அன்றைய வழக்கமான ஆட்டத்தையும் ஹாக்ஸே ஜெயித்தது.

இதனால் 'எதற்கு இந்தப் பாடு' என்று கேட்பவர்கள் உண்டு. மயாமிக்கு அந்த சீசன் 15 வெற்றி, 67 தோல்வி. ஒன்று கூடினாலும் குறைந்தாலும் அவர்களுக்கு ஒன்றுமில்லை என்பது உண்மை. ஆனால் அட்லாண்டா பக்கம் பாருங்கள். அவர்கள் 37 வெற்றி, 45 தோல்வியோடு கிழக்குப் பிரிவில் எட்டாவது இடம் பிடித்து, 1999-க்குப் பிறகு முதல்முறையாக பிளேஆஃப் போனார்கள். ஒன்பதாவது இடத்தில் நின்ற இந்தியானா பேசர்ஸ் 36 வெற்றி, 46 தோல்வி. வித்தியாசம் ஒரே ஒரு ஆட்டம். பிலிப்ஸ் அரீனாவின் அந்த ஆட்டம் மயாமி பக்கம் போயிருந்தால் இரண்டு அணிகளும் சமமாக நின்றிருக்கும், யார் உள்ளே, யார் வெளியே என்பது சமநிலை விதிகளின் கையில் போயிருக்கும். முறையீட்டைத் தள்ளிவிட்டு, அட்லாண்டாவின் சொந்த டேபிள் ஆட்கள் செய்த தவறால் கிடைத்த வெற்றி என்ற பேச்சோடு அவர்கள் பிளேஆஃப் போயிருந்தால், அது இந்தியானாவுக்கும் அட்லாண்டா ஆட்டக்காரர்களுக்கும் செய்த அநியாயமாக இருந்திருக்கும். மார்ச் 8 அன்று ஆடி முடித்ததால் அந்த வெற்றி சுத்தமான வெற்றி ஆனது. அந்த அணி முதல் சுற்றில் பாஸ்டன் செல்டிக்ஸை ஏழு ஆட்டம் வரை இழுத்தது. அந்த பாஸ்டன்தான் அந்த ஆண்டு சாம்பியன்.

டேபிள் ஆட்கள் உள்ளூர் அணியின் ஆட்கள் என்பதையும் இங்கே நினைக்க வேண்டியிருக்கிறது. யாரும் வேண்டுமென்றே செய்ததாக லீக் சொல்லவில்லை, நானும் நினைக்கவில்லை. ஆனால் உள்ளூர் அணிக்குச் சாதகமாகத் தவறு விழும்போது அதைத் திருத்த இரண்டு மடங்கு வேகம் வேண்டும். இல்லையென்றால் பார்ப்பவர்கள் என்ன நினைப்பார்கள் என்பது நம் கையில் இல்லை. நம் ஊர்ப் போட்டிகளிலும் போட்டியை நடத்தும் பள்ளி அல்லது கிளப்பின் ஆட்களே பெரும்பாலும் டேபிளில் இருக்கிறார்கள், அவர்கள் அணியும் ஆடுகிறது.

நாங்கள் மாற்றிக்கொண்டவை

இந்த நிகழ்வைப் படித்த பிறகு எங்கள் டேபிளில் சில விஷயங்களை மாற்றினோம். பெரிய மைதானம், கணினி எதுவும் வேண்டாம், நான்கு பேர் இருந்தால் போதும்.

நடுவர் எண் காட்டும்போது ஸ்கோரர் அதை உரக்கச் சொல்வார்: "சிவப்பு, பதினாலு." உதவி ஸ்கோரர் தன் குறிப்பைப் பார்த்து, "பதினாலு, மூணாவது" என்று பதில் சொல்வார். இருவர் எண்ணிக்கையும் ஒன்றானால்தான் பலகை மேலே போகும். இந்த உதவி ஸ்கோரரின் குறிப்பு ஸ்கோர் ஷீட்டைப் பார்த்து எழுதியதாக இருக்கக்கூடாது. நடுவர் கையைப் பார்த்து அவரே தனியாக எழுதியதாக இருக்க வேண்டும். ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதினால் இரண்டு பதிவு என்று பெயர்தான், தவறும் இரண்டு இடத்தில் ஒரே மாதிரி இருக்கும்.

ஆட்டத்துக்கு முன் முதன்மை நடுவரிடம் ஒரு வேண்டுகோள் வைக்கிறோம். எண் காட்டிவிட்டு எங்கள் கட்டைவிரலைப் பார்க்காமல் திரும்ப வேண்டாம். சிலர் முதலில் சிரித்தார்கள். இப்போது அவர்களே கேட்கிறார்கள்.

ஒருவர் நான்காவது ஃபவுலுக்கு வந்தவுடன், ஐந்துக்குக் காத்திராமல், அடுத்து கடிகாரம் நிற்கும்போது அவர் வரியை மட்டும் இருவரும் சேர்ந்து சரிபார்ப்போம். ஐந்தாவது விழும்போது அவரைச் சுற்றிச் சத்தம் இருக்கும், பயிற்சியாளர் எழுந்து நிற்பார், யோசிக்க முடியாது. நான்கில் யோசிக்கலாம்.

டேபிளில் யாருக்குச் சந்தேகம் வந்தாலும், அவர் புதிதாக வந்த மாணவராக இருந்தாலும், "சந்தேகம்" என்ற ஒரே வார்த்தையை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். பந்து ஓடிக்கொண்டிருந்தால் காத்திருப்போம். பந்து நின்றதும் ஹார்ன், நடுவர், கேள்வி. சந்தேகம் வீணாகப் போனாலும் சொன்னவரை யாரும் ஒரு வார்த்தை சொல்லக்கூடாது.

போன மாதம் ஒரு ஆட்டத்தில் பதினேழு வயதுப் பையன் ஒருவன் முதல்முறையாக உதவி ஸ்கோரராக உட்கார்ந்தான். இரண்டாம் குவார்ட்டரில் "சார், சந்தேகம்" என்றான். ஏழாம் எண்ணுக்கு நான் இரண்டு வைத்திருந்தேன், அவன் ஒன்று வைத்திருந்தான். பந்து வெளியே போனது, ஹார்ன் அடித்தேன், நடுவர் வந்தார். பையன் சொன்னதுதான் சரி.

சிறிய எழுத்தில் பக்கத்தில் குறிப்பு எழுதி, நடுவர் ஒப்பம் வாங்கி, திருத்தினேன்.

"அடுத்து வெள்ளை பந்து" என்றார் அவர், ஆட்டம் தொடர்ந்தது.